சி.டி.4 குறைந்த எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை எந்த அளவுக்கு வருகிறது? தலைவலியே இல்லாதவருக்கும் அந்தச் சோதனை தேவையா?

கேள்வி கேட்டவர் தந்த விவரம் இவ்வளவுதான்: அண்ணனுக்கு எச்.ஐ.வி. இருப்பது இப்போதுதான் தெரிந்திருக்கிறது. சி.டி.4 எண்ணிக்கை 68. வேறு தொந்தரவு எதுவும் இல்லை. ஆனாலும் கிரிப்டோகாக்கஸுக்கு ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். வீண் செலவா, அவசியமா?

அவசியம். ஏன் என்பதற்கு அந்த 68-தான் பதில். சி.டி.4 என்பது எச்.ஐ.வி. அழிக்கும் எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை.

எச்.ஐ.வி. உள்ள எல்லாரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இது அரிதான நோய். மாத்திரையை ஒழுங்காகப் போட்டு சி.டி.4 எண்ணிக்கையை 400, 500 என்று வைத்திருப்பவர் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. 100-க்குக் கீழே போய்விட்டால் கணக்கே வேறு. உலக அளவில் அப்படிப்பட்டவர்களைச் சோதித்ததில் சராசரியாக 100 பேரில் 6 பேருடைய ரத்தத்தில் இந்தப் பூஞ்சையின் ஆன்டிஜென் (அது விடும் அடையாளப் பொருள்) இருந்தது. அதில் பலருக்குத் தலைவலிகூடக் கிடையாது. 2020-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி எச்.ஐ.வி. உள்ளவர்களில் ஆண்டுக்குச் சுமார் 1,52,000 பேருக்கு இந்தப் பூஞ்சையால் மூளைக்காய்ச்சல் வருகிறது; சுமார் 1,12,000 பேர் இறக்கிறார்கள். எய்ட்ஸ் தொடர்பான சாவுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இதனால்தான். பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகள் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள் என்பது உண்மை. அதற்காக நம் ஊரில் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே காசநோய் மூளைக்காய்ச்சல் அதிகம் என்பதால், இதையும் அதுவென்றே நினைத்துச் சிகிச்சை தொடங்கி நாள் கடத்திவிடும் ஆபத்து கூடுதல்.

உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கும், நீண்ட காலம் அதிக அளவில் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இது வரலாம். ஆனால் அவர்களிடம் முதலில் தேட வேண்டியவை கேண்டிடா, ஆஸ்பர்ஜில்லஸ் என்ற வேறு பூஞ்சைகள்; கிரிப்டோகாக்கஸ் அவற்றுக்கு அடுத்துத்தான்.

புறா எச்சம் கலந்த மண்ணிலும் மக்கிய மரத்திலும் இந்தப் பூஞ்சை இருக்கும். மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்தால் உடல் அதை அங்கேயே அடக்கி வைத்துவிடும். பல வருடம் கழித்து சி.டி.4 விழும்போது ரத்தத்தில் கலந்து மூளைக்கு ஏறும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அண்ணனுக்குத் தனித் தட்டு, தனி அறை எதுவும் வேண்டாம். மாடியில் புறா அடைகிறது என்று வீடு மாற்றவும் வேண்டாம். எச்சத்தைச் சுரண்டிக் கழுவும் வேலையை மட்டும் வேறு யாராவது செய்யட்டும்.

சோதனை எளிது. சிறு குழாயில் ஒரு சொட்டுக் கரைசல், அதோடு 40 மைக்ரோலிட்டர் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்), அதில் ஒரு காகிதப் பட்டையை நிறுத்தி 10 நிமிடம் காத்திருந்தால் முடிந்தது. இரண்டு கோடு விழுந்தால் பாசிட்டிவ். கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் விழுந்தால் நெகட்டிவ். இரண்டாவது கோடு மங்கலாக விழுந்தாலும் பாசிட்டிவ்தான். ஒரு நுணுக்கம் உண்டு: ஆன்டிஜென் அளவுக்கு மீறி இருந்தால் அந்தக் கோடு விழாமலே போகலாம். நோய்க்குறிகள் பலமாக இருந்து பட்டை நெகட்டிவ் என்று வந்தால், சீரத்தை நீர்க்கச் செய்து மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். தலைவலி தொடங்குவதற்குப் பல வாரங்கள் முன்பே ரத்தத்தில் ஆன்டிஜென் தென்பட்டுவிடும் என்பதே இந்தச் சோதனையின் முழு லாபம். 100-க்குக் கீழே கட்டாயம் பாருங்கள், 200-க்குக் கீழேயும் பார்க்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பாசிட்டிவ் வந்தால் அடுத்தது முதுகில் நீர் எடுப்பது. பெரும்பாலான குடும்பங்கள் மறுப்பது இந்த இடத்தில்தான். "முதுகுத் தண்டில ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்" என்ற பயம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்போடு முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவிலோ, நான்குக்கும் ஐந்துக்கும் நடுவிலோ. அங்கே தண்டுவடமே கிடையாது. தலைவலி இல்லையே என்று விட்டுவிடவும் முடியாது: அறிகுறி இல்லாத பாசிட்டிவ் ஆட்களிலேயே சுமார் மூன்றில் ஒருவருக்குப் பூஞ்சை ஏற்கெனவே மூளை உறை வரை போயிருக்கிறது.

நீரில் பூஞ்சை இல்லை என்றால் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரையோடு பிழைத்தீர்கள். தினம் 800 மில்லிகிராம் 2 வாரம், 400 மில்லிகிராம் 8 வாரம், பிறகு 200 மில்லிகிராம். பூஞ்சை இருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் முதல் தேர்வாகச் சொன்ன முறை: லிப்போசோமல் ஆம்போடெரிசின் (நரம்பில் ஏற்றும் பூஞ்சை மருந்து) உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஒரே ஒரு தடவை, கூடவே 14 நாள் ஃப்ளூசைட்டோசின் (இன்னொரு பூஞ்சை மருந்து) கிலோவுக்கு 100 மில்லிகிராம், நாளுக்கு நாலு வேளையாகப் பிரித்து, ஃப்ளூகோனசோல் தினம் 1200 மில்லிகிராம். போட்ஸ்வானா, மலாவி, தென் ஆப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய 5 நாடுகளில் நடந்த ஆய்விலிருந்து வந்தது இது. 10 வாரத்தில் இறந்தவர்கள் 24.8 சதவீதம், ஒரு வாரம் தினமும் பழைய ஆம்போடெரிசின் ஏற்றிய முறையில் 28.7 சதவீதம். நல்ல சிகிச்சையிலும் நாலில் ஒருவர் தப்பவில்லை. முன்கூட்டியே ரத்தம் பார்ப்பதை நான் இத்தனை அழுத்திச் சொல்வது அதனால்தான்.

இந்தியாவில் ஃப்ளூசைட்டோசின் கிடைப்பது சிரமமாக இருந்து வந்திருக்கிறது. கையிருப்பு இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். ஆம்போடெரிசினை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும், சலைனில் கலந்தால் திரிந்து போகும். சலைனுக்கு வேறு வேலை: மருந்து ஏற்றுவதற்கு முன் 1 லிட்டர் சலைனில் பொட்டாசியம் சேர்த்து ஏற்றினால் சிறுநீரகம் ஓரளவு தப்பும். கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை பார்க்க வேண்டும்.

இந்த நோயில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் மண்டைக்குள் ஏறும் அழுத்தம். பூஞ்சையின் மேலுறையிலிருந்து கழன்று வரும் பசை போன்ற பொருள், மூளை நீர் வடியும் வாசலை அடைத்துவிடுகிறது. நீர் ஊறிக்கொண்டே இருக்கும், வெளியேற வழி இருக்காது. அடைப்பு கடைசி வாசலில் என்பதால் சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் நார்மல் என்றே வரும்; அதை நம்பி வீட்டுக்கு அனுப்புவது ஒரு தவறு. மாத்திரைக்கு அடங்காமல் நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, இரட்டையாகத் தெரிவது, பார்வை மங்குவது, காது கேட்காமல் போவது எல்லாம் அழுத்தத்தின் அடையாளம். காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் இல்லாமலேகூட இருக்கலாம். முதுகில் ஊசி போட்டதும் அழுத்தத்தை அளக்க வேண்டும். 25 சென்டிமீட்டர் நீர் உயரத்துக்கு மேல் இருந்தால் 20-க்குக் கீழேயோ பாதியாகவோ குறையும் வரை நீரை வடிக்க வேண்டும், தேவைப்பட்டால் தினமும். மூளை வீக்கத்துக்குப் பழக்கத்தில் கொடுக்கும் மானிட்டால் இங்கே வேலைக்காகாது. ஸ்டீராய்டான டெக்ஸாமெதசோன் கெடுதலே செய்கிறது என்று ஆய்வை நடுவிலேயே நிறுத்தினார்கள்.

வீட்டார் அவசரப்பட்டுக் கெடுக்கும் இடம் ஏ.ஆர்.டி., அதாவது எச்.ஐ.வி.யை அடக்கும் மாத்திரை. "எச்.ஐ.வி. மாத்திரையை ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை?" என்று சண்டை பிடிப்பார்கள். மூளைக்காய்ச்சல் உறுதியானால் பூஞ்சைச் சிகிச்சை தொடங்கி 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் அதைத் தொடங்க வேண்டும். முன்னதாகத் தொடங்கியவர்களில் சாவு அதிகம் என்று 2014-இல் வெளிவந்த ஆய்வு தெளிவாகவே காட்டியது. அண்ணன் இன்னும் ஏ.ஆர்.டி. தொடங்கவில்லை என்றால், இந்த 10 நிமிடச் சோதனையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மூளைக்காய்ச்சல் சிகிச்சையில் முதல் இரண்டு வாரம் தாண்டிய பிறகு ஃப்ளூகோனசோல் 800 மில்லிகிராம் 8 வாரம், அப்புறம் 200 மில்லிகிராம். தலைவலி போய்விட்டது என்று மூன்றாம் மாதம் நிறுத்திவிட்டுத் திரும்பப் படுக்கிறவர்கள் உண்டு. குறைந்தது ஒரு வருடம் சாப்பிட்டு, சி.டி.4 200-ஐத் தாண்டியிருந்தால் நிறுத்தலாம். வைரல் லோட் (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) அடங்கியிருந்தால் 100 போதும். காசநோய்க்கு ரிஃபாம்பிசினும் சேர்ந்து ஓடினால் அது ஃப்ளூகோனசோலின் அளவை ரத்தத்தில் குறைக்கும், மருத்துவரிடம் இரண்டு சீட்டையும் காட்டுங்கள். நடுவில் பட்டைச் சோதனையைத் திரும்பச் செய்து பாசிட்டிவ் என்று பயப்பட வேண்டாம். பூஞ்சை செத்த பிறகும் ஆன்டிஜென் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், ரத்தத்தில் கிடக்கும்.