பிக்கப் அளக்கும் கருவியை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி (பர்கூர் வாசகர்): என் காரில் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், டர்போ கிடையாது. கண்ணாடியில் ஒட்டும் ஆக்சிலரோமீட்டர் கருவி ஒன்று வாங்கி, போன மே மாதம் மதிய வெயிலில் ஓட்டிப் பார்த்தேன். 0-வில் இருந்து 100 கி.மீ. வேகம் தொட 12.6 வினாடி. டிசம்பரில் ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டு விடியற்காலையில் பார்த்தால் 12.0. ஆனால் அதே ஓட்டத்தில் நண்பரின் ஜிபிஎஸ் கருவி 12.5 என்றது. எது சரி? ஃபில்டர் வேலை செய்கிறதா?

பதில்: நண்பரின் கருவி நொடிக்கு 10 முறை அளக்கும் வகை என்றால் அதை நம்புங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருவரிடமிருந்து வருகிறது.

உங்கள் கருவி வேகத்தை அளப்பதே இல்லை. உள்ளே மெல்லிய ஸ்பிரிங்கில் நிற்கும் ஒரு துளி சிலிக்கான், வண்டி முன்னே பாயும்போது பின்னே ஒதுங்கும். அந்த ஒதுக்கத்தை முடுக்கமாகப் படித்து, கூட்டிக் கூட்டி வேகமாக்கி, வேகத்தை மறுபடியும் கூட்டித் தூரமாக்குகிறது. மளிகைக் கடைச் சிட்டையில் ஒவ்வொரு வரியிலும் ஒரு ரூபாய் அதிகமாக எழுதினால் கடைசியில் மொத்தம் என்ன ஆகும்? அதே கதைதான். புவியீர்ப்பு முடுக்கத்தில் நூறில் ஒரு பங்கு பிசகினால் 10 வினாடியில் வேகம் மூன்றரை கி.மீ. தப்பும், தூரம் கிட்டத்தட்ட 5 மீட்டர் தப்பும். 20 வினாடி ஓடினால் தூரத்தில் தப்பு இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு, அதாவது சுமார் 20 மீட்டர்.

அந்தப் பிசகு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சாய்விலிருந்து. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் மாதிரிதான் இதுவும், சாய்ந்தால் புவியீர்ப்பின் ஒரு பங்கு உள்ளே புகுந்துவிடும், அது வண்டியின் பாய்ச்சலா வெறும் சாய்வா என்று அந்தச் சிலிக்கானுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆக்சிலேட்டரை அழுத்தியதும் வண்டியின் மூக்கு தூக்கி, பின்பக்கம் அமுங்குகிறது அல்லவா? சின்ன காரில் முன்னால் ஒரு சென்டிமீட்டர் எழும்பி, பின்னால் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே சாய்வு அரை டிகிரி வந்துவிடும். உங்கள் இரண்டு எண்களையும் வைத்துக் கணக்குப் போட்டேன்: 12.5 வினாடி வண்டியை 12.0 என்று காட்ட அந்த அரை டிகிரி போதும். அதனால் கருவி பழுது என்று நினைக்க வேண்டாம். பல கருவிகளில் இந்த மூக்குத் தூக்கலைக் கழிக்க ஒரு திருத்த எண் போடும் வசதி இருக்கும், கையேட்டில் தேடிப் பாருங்கள்.

(ஜிபிஎஸ் கருவியின் செட்டிங்கையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முதல் ஒரு அடி தூரத்தைக் கணக்கில் விட்டுவிடும் அமெரிக்க டிராக் பந்தய வழக்கம் சிலவற்றில் இருக்கும். அதை ஆன் செய்திருந்தால் உங்கள் மாதிரி காருக்கு அரை வினாடிக்குக் கொஞ்சம் கம்மியாக நேரம் குறைந்து தெரியும், அப்போது உண்மையான நேரம் இன்னும் அதிகம்.)

சாலையின் சரிவும் இப்படித்தான். தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் இறங்கும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். வேகம் ஏறிக்கொண்டே போகும், எத்தனை உயிர் போன இடம் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சமதளத்தில் பூஜ்யம் செய்து வைத்த (அதாவது, நிற்கும்போது 0 காட்டும்படி சரிசெய்த) ஆக்சிலரோமீட்டர் அந்த லாரியில் இருந்தால், வேகம் குறைகிறது என்றுதான் சொல்லும். புவியீர்ப்பு இழுப்பதை அதனால் உணர முடியாது, காற்றும் டயரும் தடுப்பதை மட்டும் உணரும். ஆகவே, எந்தச் சரிவில் நின்று பூஜ்யம் செய்தீர்களோ அதே சரிவு கடைசிவரை இருந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

சரி, ஃபில்டர் விஷயம். இங்கேதான் எனக்கு உங்கள் மேல் கொஞ்சம் வருத்தம். 38 டிகிரி மதியத்தையும் 18 டிகிரி விடியற்காலையையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், காற்றின் அடர்த்தி மட்டுமே சுமார் 7 சதவீதம் கூடியிருக்கும். டர்போ இல்லாத இன்ஜினில் அதில் கணிசமான பங்கு அப்படியே சக்தியாக மாறும். நீங்கள் பார்த்த முன்னேற்றம் 5 சதவீதம்தான். இது போக, வெயிலில் காய்ந்த கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கருவியின் பூஜ்யமே சூட்டில் நகரும். ஆகவே உங்கள் 0.6 வினாடியில் பெரும்பகுதி பருவம் கொடுத்தது என்றே நினைக்கிறேன்.

உண்மை தெரிய வேண்டுமென்றால் ஒரே காலையில் புது ஃபில்டர், அப்புறம் பழசு, மறுபடி புதுசு என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். போகும்போதும் வரும்போதும் அளந்து சராசரி எடுங்கள். பெட்ரோல் அளவு, டயர் காற்று, ஏசி, ஆள் எண்ணிக்கை எதுவும் மாறக் கூடாது. அதே கண்ணாடியில், அதே இடத்தில், அசையாமல் ஒட்டியிருந்தால் இந்த வேலைக்கு ஆக்சிலரோமீட்டர் நன்றாகவே உதவும், ஏனென்றால் அதன் தப்பு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு தப்பு.

அப்புறம், 0–100 வேண்டாம். கிளட்ச் விடும் விதமே கால் வினாடி மாற்றிவிடும். அதைவிட முக்கியம், கிருஷ்ணகிரி–பர்கூர் சாலையில் விடியற்காலையில் டிராக்டரும் மாட்டு வண்டியும் விளக்கில்லாமல் குறுக்கே வரும். மூன்றாவது கியரில் 40-லிருந்து 80 வரை, காலியான நேர்ச்சாலையில், வெளிச்சம் வந்த பிறகு அளந்தால் போதும், இன்ஜின் மாற்றம் அதிலேயே தெளிவாகத் தெரியும். அடிமட்டம் வரை மிதித்துப் பார்க்க ஆசை என்றால் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் திடலுக்குப் போங்கள்.

கேள்வி (ஓசூர் வாசகர்): தனிக் கருவி எதற்கு? செல்போன் செயலி போதாதா, இல்லை ஸ்பீடோமீட்டரைப் பார்த்து ஸ்டாப்வாட்ச் அழுத்தினால் என்ன?

பதில்: செல்போன் ஜிபிஎஸ் பெரும்பாலும் நொடிக்கு ஒரு முறைதான் இடம் பார்க்கும், அந்த ஒரு நொடியில் உங்கள் வண்டி 8 கி.மீ. வேகம் ஏறிவிடுகிறது. போனை வைக்கும் ஹோல்டர் ஆடினால் உள்ளே இருக்கும் ஆக்சிலரோமீட்டரும் கெட்டது. ஸ்பீடோமீட்டர் இன்னும் மோசம்: ஐ.நா. விதி எண் 39-ன்படி அது உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, ஆனால் பத்து சதவீதமும் கூட 4 கி.மீ.யும் வரை கூட்டிக் காட்டலாம். உண்மையில் 100-ல் போகும்போது முள் 114 வரை காட்டினாலும் விதிக்குள்தான்.

கேள்வி (பாலக்கோடு வாசகர்): கருவி என் காருக்கு 70 குதிரைசக்தி காட்டுகிறது. கம்பெனி சொன்னது 83. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. கம்பெனி சொல்வது இன்ஜின் தண்டில், நீங்கள் அளப்பது டயரில். நடுவில் கியர்பாக்ஸும் மற்றதும் சேர்ந்து 15 சதவீதம் தின்றுவிடும் என்று பொதுவாக வைத்துக்கொள்வார்கள், 83-ல் அதைக் கழித்தால் உங்கள் 70 வந்துவிடுகிறது. ஆனால் அந்த 70-ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கருவி எடையையும் முடுக்கத்தையும் வேகத்தையும் பெருக்கித்தான் சக்தி சொல்கிறது, எடையை நீங்கள்தான் போட்டீர்கள். 900 கிலோ காரில் இரண்டு நண்பர்கள் ஏறினால் 14 சதவீதம் கூடிவிடும், பின்னால் இரண்டு கிரேட் தக்காளி இருந்தால் அதுவும் கணக்கு. கையேட்டில் இருக்கும் எடையைப் போடாமல், நீங்கள் உட்கார்ந்தபடியே காரை எடை மேடையில் ஏற்றி, ரசீதில் வரும் எண்ணைப் போட்டு மறுபடி அளந்து எழுதுங்கள்.