தம்பியின் கைக்காக நிலத்தை விற்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. நூற்பாலை இயந்திரத்தில் வலது கை சிக்கி, முழங்கைக்குக் கீழே பாதியில் எடுக்க வேண்டியதாகிவிட்டது. நான்கு மாதம் ஆகிறது. நினைத்தாலே அசைகிற செயற்கைக் கையை அமெரிக்க ராணுவம் உருவாக்கியிருப்பதாக ஒரு வீடியோ பார்த்தோம். அதை வாங்கிக் கொடுக்க அப்பா நிலத்தை விற்கவும் தயாராக இருக்கிறார். எங்கே கேட்பது? இன்னொன்று, இல்லாத அந்தக் கை வலிக்கிறது என்கிறான். ராத்திரியில் தூங்குவதில்லை.
- வாசகி ஒருவர், நாமக்கல் மாவட்டம்

பதில்: நிலத்தை விற்க வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். கடைசியில் போகிற போக்கில் வலியைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

போன கை இருப்பது போலத் தோன்றுவதும், அது வலிப்பதும் மனப்பிரமை இல்லை, நடிப்பும் இல்லை. மூளையில் வலது கைக்கென்று இருந்த இடம் எங்கும் போய்விடவில்லை. அது கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது, பதில்தான் வருவதில்லை. பலருக்கு விரல்கள் இறுக மூடிக்கொண்டு நகம் உள்ளங்கையில் குத்துவது போல இருக்கும். விரித்தால் சரியாகிவிடும், விரிக்கக் கை வேண்டுமே! அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வியர் மிட்செல், 1871-இல் இதற்கு 'ஃபேன்டம் லிம்ப்' என்று பெயர் வைத்தார். ஆவி உறுப்பு என்று அர்த்தம் வரும். யாராவது மந்திரிக்கக் கூட்டிப்போகச் சொன்னால் போய்விடாதீர்கள்.

1990-களில் நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், நம் தமிழ்நாட்டில் பிறந்தவர், கலிஃபோர்னியாவில் இதற்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பயன்படுத்திப் பார்த்தார். நல்ல கையின் பிம்பம், போன கை இருக்கவேண்டிய இடத்தில் தெரியும். அதை அசைத்தால் இல்லாத கை அசைவதைக் கண் பார்க்கிறது. மூளைக்கு ஒரு பதில் கிடைத்துவிடுகிறது. பிறகு வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், கால் இழந்தவர்களிடம் இதை முறையாகச் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். தினம் 15 நிமிடம், நான்கு வாரம். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. சிறிய ஆய்வுதான், எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் செலவு என்ன? ஒரு கண்ணாடி.

செய்முறை இதுதான். ஒன்றரை அடி உயரக் கண்ணாடியை மேஜையில், நெஞ்சின் நடுவுக்கு நேராக இரண்டு கைகளுக்கும் இடையில் தடுப்பு மாதிரி, முகம் பார்க்கும் பக்கம் இடது கையை நோக்கி இருக்கும்படி நிற்க வையுங்கள். மிச்சமுள்ள வலது கை கண்ணாடிக்குப் பின்னால், இடது கை முன்னால். மோதிரம், வாட்ச், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். தம்பி கண்ணாடியைப் பார்த்தபடியே விரல்களை மெதுவாக மூடித் திறக்கட்டும். இல்லாத கையும் கூடவே அதைச் செய்வதாக மனதில் முயலட்டும். முதல் நாளில் தலை சுற்றலாம், அழுகை வரலாம். வந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் பார்க்கலாம். கூடவே நரம்பு வலிக்கான மாத்திரைகளும் உண்டு, அவற்றை டாக்டர் பார்த்துத்தான் தரவேண்டும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். வெட்டுப்பட்ட முனையில் குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தட்டினால் ஷாக் அடிப்பது போல இருக்கிறதா? அது வேறு வலி. அறுபட்ட நரம்பு முடிச்சிட்டு வளர்ந்திருக்கலாம். அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள்.

சரி, கைக்கு வருவோம். நீங்கள் பார்த்தது பொய்யில்லை. இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் உயிர் தப்பி, கை போய்த் திரும்பிய சிப்பாய்களுக்காக அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா 2006-இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதில் பிறந்ததுதான் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமனின் டெக்கா நிறுவனம் செய்த 'லூக்' கை. 2014 மே மாதம் அந்நாட்டு அரசின் அனுமதி கிடைத்தது. ஆனால் அது 'நினைத்தால்' அசையும் கை அல்ல. தசையின் மின் சமிக்ஞையாலோ, ஷூவில் பொருத்திய உணரியைப் பாதத்தைச் சாய்த்து இயக்கியோ வேலை செய்கிறது. மூளையில் மின்முனை பதித்து ரோபோ கையை இயக்கியதும் உண்மைதான்: 2012-இல் பிட்ஸ்பர்க்கில் ஜான் ஷூயர்மன் என்ற பெண்மணி அப்படி ஒரு சாக்லேட்டைத் தானே வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டார். அவர் கை இழந்தவர் அல்ல, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். மண்டையோட்டிலிருந்து கணினிக்குக் கம்பி போகும். ஆய்வுக்கூடத்தை விட்டு வீட்டுக்கு எடுத்துப்போகிற சாமான் இல்லை அது. நிலத்தை விற்க வேண்டாம் என்றது இதனால்தான்.

லூக் போன்ற கையின் அருமை தோளோடு இழந்தவருக்குத்தான் அதிகம் தெரியும். உங்கள் தம்பிக்கு முழங்கை இருக்கிறது, முன்கைத் தசை பாதி இருக்கிறது. இது பெரிய சொத்து. விரலை மடக்கிய அதே தசைகளின் சமிக்ஞையைத் தோலின் மேலிருந்தே எடுக்கும் மயோஎலக்ட்ரிக் கை நம் ஊரிலேயே கிடைக்கிறது. அதற்கும் முன்னால், தோள்பட்டையில் வார் மாட்டி, கேபிளால் இழுக்கிற கொக்கிக் கையைப் போட்டுப் பார்க்கட்டும். மர அறுவை ஆலையில் கை இழந்த டோரன்ஸ் என்ற அமெரிக்கத் தொழிலாளி 1912-இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் தண்ணீர், எண்ணெய், மண் எதற்கும் பயப்படாது, பேட்டரி தீராது. விலையுயர்ந்த கையை அலமாரியில் வைத்துவிட்டுக் கொக்கியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு.

எடையும் சாதாரண விஷயமில்லை. ஏவுகணைக்காகச் செய்த லேசான கார்பன் பொருளைக் கொண்டு, போலியோ பாதித்த குழந்தைகளின் 3 கிலோ கால்தாங்கியை 300 கிராமுக்குக் கொண்டுவந்ததை அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்னார். ராணுவ ஆராய்ச்சி ஏழை வீட்டுக்கு வந்து சேருகிற வழி பெரும்பாலும் இப்படித்தான்.

எந்தக் கையானாலும் அதைப் பயன்பட வைப்பது சாக்கெட்தான், அதாவது மிச்சக் கையை உள்வாங்கும் கூடு. வெட்டுப்பட்ட இடம் முதல் சில மாதங்கள் சுருங்கிக்கொண்டே வரும். இறுக்கக் கட்டு போட்டு வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், பிறகு அளவெடுக்க வேண்டும், தளர்ந்தால் மாற்ற வேண்டும். நான்கு மாதம் ஆகிவிட்டது, இனியும் தள்ளிப்போடாதீர்கள். ஒற்றைக் கையிலேயே எல்லாம் செய்யப் பழகிவிட்டவர் பிறகு பெரும்பாலும் எந்தச் செயற்கைக் கையையும் மாட்டமாட்டார்.

சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கென்று தனித்துறை உண்டு. போகும் முன், ஆலையில் தம்பிக்கு இ.எஸ்.ஐ. பிடித்தார்களா என்று பழைய சம்பளச் சீட்டைப் பாருங்கள். பிடித்திருந்தால் செயற்கைக் கையும், நிரந்தர ஊனத்துக்கான மாதத் தொகையும் அவருடைய உரிமை. இல்லையென்றால் சட்டப்படி இழப்பீட்டை ஆலைதான் தரவேண்டும். விபத்து நடந்த தேதி, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.