வீட்டு கராஜில் எம்ஜிபி: வாசகர் கேள்விகள்

ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பழுது பார்த்து மீட்டெடுக்கும் வேலை பற்றி, பிரிட்டனில் வாழும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பெயின்ட் புதிதாகப் பளபளக்கிறது. என்ஜின் ஓடவில்லை என்பதால் விலை குறைவாம். வாங்கலாமா? (ஹாரோ வாசகர்)

என்ஜின் ஓடாதது பெரிய குறை இல்லை. பயப்பட வேண்டியது அந்தப் புதுப் பெயின்ட்டைப் பார்த்துத்தான். 1798 சிசி பி-சீரிஸ் என்ஜின் எளிமையானது, உதிரிகள் எல்லாமே கிடைக்கும். இந்தக் காருக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. கதவுக்குக் கீழே முன்னும் பின்னும் ஓடும் சில் பெட்டிகள்தான் முதுகெலும்பு. கூரை இல்லாத ரோட்ஸ்டரில் மொத்த பலமும் அங்கேதான் நிற்கிறது.

ஒரு காந்தம் கொண்டு போங்கள். கதவுக்குக் கீழும், பின் சக்கரத்துக்கு முன்னால் மட்கார்ட் வளைந்து இறங்கும் இடத்திலும் ஒட்டுகிறதா பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. அடுத்து, கதவை மூடி இடைவெளியைக் கவனியுங்கள். காரின் ஜாக் பாயின்டில் ஜாக் வைத்துச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும்வரை தூக்குங்கள். மீண்டும் கதவைத் திறந்து மூடுங்கள். இடைவெளி மாறினாலோ கதவு இடித்தாலோ சில் பெட்டி செத்துவிட்டது. ஜாக் வைக்கவே விற்பவர் தயங்கினால், பதில் அதிலேயே கிடைத்துவிட்டது.

கடைசியாகக் கீழே படுத்து, சில் பெட்டியின் அடி விளிம்பைப் பாருங்கள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய விளிம்பு அங்கே தெளிவாகத் தெரிய வேண்டும். வழவழவென்று கறுப்பு அண்டர்சீல் (துரு தடுக்க அடியில் பூசும் பூச்சு) மட்டும் தெரிந்தால் பழைய சில்லின் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சில் பெட்டியை நானே மாற்ற நினைக்கிறேன். மிக் வெல்டர் (வயர் ஊட்டி ஒட்டும் வெல்டிங் கருவி) வாங்கிவிட்டேன். எதில் ஆரம்பிப்பது? (க்ராய்டன் வாசகர்)

வெட்டுவதில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் பெட்ரோல் டேங்கைக் காலி செய்து கழற்றி கராஜுக்கு வெளியே வையுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், ஆல்டர்னேட்டர் பிளக்கைப் பிடுங்குங்கள். சீட், கார்ப்பெட் எல்லாம் வெளியே. பேட்டரியிலிருந்து முன்னால் வரும் தடித்த கேபிளும் பெட்ரோல் குழாயும் தரைத் தகட்டுக்கு அடியில்தான் ஓடுகின்றன. அவற்றை நகர்த்தாமல் கிரைண்டர் பிடிக்கக் கூடாது.

அடுத்தது காரை நிறுத்தும் விதம். ஸ்டாண்டுகளை முன் சஸ்பென்ஷன் குறுக்குச் சட்டத்துக்குக் கீழும் பின் ஆக்ஸிலுக்குக் கீழும் வையுங்கள். சாலையில் நிற்கும்போது எடை எங்கே இறங்குகிறதோ அங்கேயே இப்போதும் இறங்க வேண்டும். இரு பக்கமும் மட்டப்பலகை வைத்துச் சரி பாருங்கள். நடுவில் முட்டுக் கொடுத்தால் பாடி வளைந்தபடியே வெல்டாகிவிடும்.

இப்போது கதவு இடைவெளிகளை அளந்து எழுதுங்கள். நாலைந்து மில்லிமீட்டர், மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே அளவு இருந்தால் நல்லது. ஏற்கெனவே தொய்ந்திருந்தால் ஜாக்கால் மெல்லத் தூக்கி இடைவெளியைச் சரிக்குக் கொண்டுவந்த பிறகே முட்டுக் கம்பி கட்ட வேண்டும். 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயை, கதவுக் கீல் இருக்கும் தூணிலிருந்து பூட்டுத் தூண்வரை, உள்பக்கமாகக் கதவு மாட்ட இடம் விட்டு, மேலே ஒன்றும் கீழே ஒன்றும் பொருத்துங்கள். ஒரு மூலைவிட்டக் கம்பியும் சேர்ந்தால் இன்னும் நல்லது. இரண்டு கதவு வாசலுக்கும் இது வேண்டும். நிலையான கூரை உள்ள ஜிடி மாடலில் கூரையே தாங்கும் என்று சிலர் இதைத் தவிர்க்கிறார்கள், தவிர்க்காதீர்கள்.

ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டே மறுபக்கத்தைத் தொட வேண்டும்.

முன் மட்கார்ட் போல்ட்டில் நிற்பது, கழற்றிவிடலாம். கீல் தூண் பக்கம் உள்ளேயிருந்து வரும் போல்ட்டுகள் மறைந்திருக்கும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பின் மட்கார்ட் வெல்டானது. சில் தகடு அதற்குப் பின்னாலும் போகிறது என்பதால் மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்து, கடைசியில் புதுத் துண்டு வைக்க வேண்டும். இந்த ஒரு வெட்டுக்குப் பயந்துதான் பலர் போர்வைத் தகடு போட்டு மூடுகிறார்கள். ஐந்தாறு குளிர்காலத்தில் அது மறுபடி உள்ளிருந்து அரித்து வெளியே வரும்.

வெளிச் சில்லை வெட்டினால் உள்ளே செங்குத்தாக நிற்கும் நடுத்தகடு தெரியும். அதற்கு உள்பக்கம், தரைத் தகட்டுக்கு அடியில் ஓடுவது காசில் ரெயில். மூன்றும் சேர்ந்தால்தான் பெட்டி. பொருத்தும் வரிசை: காசில் ரெயில், தரையின் விளிம்பு, நடுத்தகடு, கடைசியாக வெளிச் சில். எல்லாவற்றையும் வெல்டிங் இல்லாமல் கிளாம்பிலேயே பிடித்து நிறுத்தி, கதவை மாட்டி, முன் மட்கார்டையும் வைத்துப் பாருங்கள். எழுதி வைத்த இடைவெளி வந்த பிறகே நெருப்பு.

வெல்டிங்குக்கு 0.6 மில்லிமீட்டர் வயர், 95 சதம் ஆர்கானும் 5 சதம் கரியமில வாயுவும் கலந்த சிலிண்டர் போதும். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டு இருந்த இடங்களில் 6 மில்லிமீட்டர் துளை போட்டு, 25 முதல் 30 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நிரப்புங்கள். அடுத்தடுத்துப் போகாமல் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று என்று தாண்டித் தாண்டி வையுங்கள். தகடு சூட்டில் நெளிவதற்குக் காரணம் அவசரம்தான். ஒட்டும் முகங்களில் வெல்டிங்குக்கான துத்தநாக பிரைமர் அடித்திருக்க வேண்டும். வேலை முடிந்து ஒரு மணி நேரம் கராஜை விட்டுப் போகாதீர்கள். தகட்டின் மறுபக்கத்து அண்டர்சீல் புகைந்து புகைந்து பிறகுதான் பற்றும்.

பெயின்ட் ஆனபின், நீண்ட குழாய் முனையால் பெட்டிக்குள் மெழுகு அடியுங்கள், அடித் துவாரங்கள் அடைபடாமல் பாருங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டின் ரப்பரையும் புதிதாகப் போடுங்கள். அது கெட்டால் சக்கரம் வாரி இறைக்கும் சேறு சில்லின் முன்முனையில் தங்கும். துரு பெரும்பாலும் ஆரம்பிப்பதே அங்கேதான்.

பாடி முழுவதுமே போய்விட்டதென்றால் இன்னொரு வழி இருக்கிறது. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் அசல் அச்சுகளைக் கொண்டே எம்ஜிபிக்குப் புது பாடிஷெல் செய்து வருகிறது. விலை அதிகம்தான். ஆனாலும் சில், தரை, நான்கு மட்கார்ட் என்று எல்லாம் வாங்கி வெட்டி ஒட்டும் செலவையும் ஒரு தாளில் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பதினைந்து வருஷமாக ஓடாத என்ஜின். பேட்டரி மாட்டி சாவியைத் திருப்பிப் பார்க்கலாமா? (லெஸ்டர் வாசகர்)

கூடாது. நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, துளைக்கு இரண்டு டீஸ்பூன் மெல்லிய எண்ணெய் விட்டு மூன்று நாள் ஊற விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றவில்லை என்றால் இன்னும் எண்ணெய், இன்னும் பொறுமை. ஸ்பேனரில் கம்பி மாட்டி நீட்டி முறுக்கினால் பிஸ்டன் ரிங் உடையும்.

சுற்ற ஆரம்பித்ததும் என்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். 20டபிள்யு-50, ஏறக்குறைய நாலேகால் லிட்டர். ஆயில் கூலர் இருந்தால் கொஞ்சம் கூடும். ராக்கர் கவரைத் திறந்து வால்வுகள் ஒட்டாமல் மேலும் கீழும் வருகின்றனவா பார்த்து, குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம் இடைவெளி வையுங்கள். ஒன்பது விதி உதவும்: 8ஆம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1ஆம் வால்வைச் சரி செய்யுங்கள், 6 திறந்திருந்தால் 3. கூட்டினால் எப்போதும் ஒன்பது.

பிளக் இல்லாமலே செல்ஃப் மோட்டாரால் சுற்றி, மீட்டரில் ஆயில் அழுத்தம் ஏறிய பிறகு பிளக்கை மாட்டுங்கள். இடைவெளி 0.025 அங்குலம், எரியும் வரிசை 1-3-4-2. சூடான பின் ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐடிலில் 10 முதல் 25 இருந்தால் என்ஜின் உங்களை ஏமாற்றவில்லை. பழைய பெட்ரோலை மட்டும் டேங்கில் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். கிளட்ச் தட்டு ஃபிளைவீலில் ஒட்டிக்கொண்டிருப்பதும் சகஜம், கியர் விழவில்லை என்றால் உடனே கியர்பாக்ஸைச் சந்தேகிக்க வேண்டாம்.

இரட்டை எஸ்யு கார்புரேட்டரை எத்தனை தரம் திருகினாலும் ஐடில் நிற்பதில்லை. (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

கார்புரேட்டரை விட்டுவிட்டு வால்வு இடைவெளி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயின்ட்டின் இடைவெளி (0.014 முதல் 0.016 அங்குலம்), பற்றவைக்கும் டைமிங் மூன்றையும் முதலில் முடியுங்கள். பிறகு த்ராட்டில் தண்டின் இரு முனையிலும் கொஞ்சம் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பாருங்கள். என்ஜின் வேகம் மாறினால் தண்டு தேய்ந்து காற்று உள்ளே போகிறது. அந்தக் கார்புரேட்டரை யாராலும் டியூன் செய்ய முடியாது, தண்டும் புஷ்ஷும் மாற்ற வேண்டும்.

தண்டு நன்றாக இருந்தால், இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் கம்பியின் கிளாம்பைத் தளர்த்துங்கள். ஜெட்டை (பெட்ரோல் வரும் குழல்) கார்புரேட்டர் வாய்க்குள் தெரியும் மேட்டின், அதாவது பாலத்தின், மட்டத்துக்கு ஏற்றி, அங்கிருந்து ஜெட்டின் நட்டை 12 பட்டை, அதாவது இரண்டு முழுச் சுற்று, இறக்குங்கள். ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டிலும் காற்றின் சீறல் ஒரே மாதிரி வரும்படி ஐடில் திருகுகளைத் திருப்புங்கள். பிறகு ஒவ்வொரு கார்புரேட்டரின் பிஸ்டனையும் 0.8 மில்லிமீட்டர் தூக்குங்கள். வேகம் ஒரு கணம் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. கூடியே நின்றால் பெட்ரோல் அதிகம். திணறி அணையப் பார்த்தால் குறைவு. ஒரு தடவைக்கு ஒரு பட்டைக்கு மேல் திருப்பாதீர்கள்.

1966 மாடல். பேட்டரி இறங்கியதால் இன்னொரு காரிலிருந்து கேபிள் போட்டபோது பெரிய தீப்பொறி வந்தது. ஏன்? (டூட்டிங் வாசகர்)

1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். இன்றைய கார்களில் நெகட்டிவ். உங்கள் கார் பாடியில் நெகட்டிவ் கேபிளை மாட்டியிருப்பீர்கள். பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் என்று பேட்டரி முனைகளிலேயே மாட்டுங்கள், இரண்டு கார் பாடியும் ஒன்றையொன்று தொட வேண்டாம்.

நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றலாம். பேட்டரி இணைப்பைத் திருப்பி, காயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றி, டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு வயரால் டைனமோவின் எஃப் முனையை இரண்டு மூன்று தடவை சட்டென்று தொட்டு எடுங்கள். செல்ஃப் மோட்டாருக்கு எதுவும் செய்ய வேண்டாம். உங்கள் வருஷத்து எலக்ட்ரானிக் டாக்கோமீட்டரை மட்டும் உள்ளே மாற்றியமைக்காமல் மாட்டக் கூடாது.

இ10 (10 சதம்வரை எத்தனால் கலந்த) பெட்ரோல் போடலாமா? (மில்டன் கீன்ஸ் வாசகர்)

வேண்டாம். இங்கே 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் இ10 ஆகிவிட்டது. எத்தனால் பழைய ரப்பரை ஊத வைக்கும், ஈரத்தை இழுக்கும். சூப்பர் கிரேடு பெரும்பாலும் இ5 (5 சதம்வரை எத்தனால்), அதைப் போடுங்கள். பெட்ரோல் ரப்பர் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரத்துக்கு மாற்றுங்கள். ஈயம் இல்லாத பெட்ரோலால் எக்ஸாஸ்ட் வால்வு சீட் உள்ளே இறங்கும் என்பது உண்மைதான். அதற்காக நல்ல ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. வால்வு இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் சீட் இறங்குகிறது என்று பொருள். அப்போது கடினப்படுத்திய சீட் போட்டுக்கொள்ளலாம்.

முன் சக்கரம் ஒன்று மட்டும் பிரேக்கை விட்ட பிறகும் பிடித்தபடியே இருந்து சூடாகிறது. (ரெடிங் வாசகர்)

சக்கரத்தைத் தூக்கி, பிரேக் மிதித்து விடுங்கள். இறுகி நிற்கும்போது காலிப்பரின் பிளீடிங் நிப்பிளைத் திறங்கள். திறந்தும் விடவில்லையா, பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது. ஸ்டெயின்லெஸ் பிஸ்டனும் புது சீலும் போடுங்கள், காலிப்பரின் இரண்டு பாதியைப் பிரிக்க வேண்டாம். நிப்பிளைத் திறந்ததும் விடுதலையானால் அழுத்தம் உள்ளே மாட்டியிருக்கிறது. மறுபடி இறுக வைத்து, இந்தத் தடவை ரப்பர் ஹோஸுக்கு முன்னால் உள்ள உலோகக் குழாயைத் தளர்த்துங்கள். அப்போது விடவில்லை என்றால் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி வால்வு போல அடைக்கிறது. வெளியே பார்க்க அது புதுசு போலவே இருக்கும்.

ஸ்போக் சக்கரத்தின் ஸ்பின்னரை (சக்கரத்தை நடுவில் பிடிக்கும் காது வைத்த நட்டு) எந்தப் பக்கம் அடிப்பது? (ஸ்லவ் வாசகர்)

கழற்ற, மேல் காதை காரின் முன்பக்கம் நோக்கி அடியுங்கள். இரு பக்கத்துக்கும் இதுவே. இடப்பக்கம் சாதாரண மரை, வலப்பக்கம் எதிர் மரை. இரும்புச் சுத்தியல் வேண்டாம், செம்பு அல்லது ஈயச் சுத்தியல். கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் "டக்" என்று சத்தம் வந்தால் ஹப்பின் பல் தேய்ந்திருக்கிறது. அதில் புதுச் சக்கரம் மாட்டினால் அதையும் தின்றுவிடும், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

நண்பரின் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் முன் சஸ்பென்ஷனுக்கு எண்ணெய் விடுகிறார். என் எம்ஜிபிக்கும் அப்படியா? (சட்டன் வாசகர்)

இல்லை. ஸ்பிட்ஃபயரின் ட்ரனியனுக்கு (முன் சக்கரம் திரும்பும் கீழ் மூட்டு) இபி90 எண்ணெய்தான், கிரீஸ் அடித்தால் மரை வறண்டு துருவேறி ஒரு நாள் சக்கரம் மடங்கும். எம்ஜிபியின் கிங்பின்னுக்கு (முன் சக்கரம் திரும்பும் அச்சு) கிரீஸ், 3,000 மைலுக்கு ஒரு தடவை. காரை ஜாக்கில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது அடியுங்கள். எடை அழுத்தும்போது கிரீஸ் தேவையான பக்கம் போகாது.

எல்லாம் முடித்தாயிற்று. 1972 கார், எம்ஓடி (வருடாந்திரத் தகுதிச் சோதனை) வேண்டாமாமே? (ஹெய்ஸ் வாசகர்)

40 வயதைத் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத காருக்கு எம்ஓடி கட்டாயமில்லை. சாலை வரி விலக்குக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கார் சாலைக்குத் தகுதியாக இருக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையதே. நீங்களே பிரேக்கும் சில்லும் மாற்றிய காரை முதல் தடவை விருப்ப எம்ஓடிக்குக் கொண்டு போங்கள், இன்னொரு கண் பார்க்கட்டும். போகும் முன் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2309 என்றிருந்தால் 2009ஆம் வருஷத்து 23ஆம் வாரம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயரில் கிளம்பாதீர்கள்.