மூணரை ரூபா வட்டியும் அரை லிட்டர் பாலும்

போன இதழ்ல கடன் பத்தி என்ன வேணாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்த கடிதத்தை எல்லாம் படிச்சு முடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு. எல்லாருக்கும் இங்க பதில் எழுத இடம் பத்தாது, அதனால நிறைய பேருக்கு ஒத்துப் போற மாதிரி நாலு கேள்வியை மட்டும் எடுத்திருக்கேன்.

கேள்வி: அக்கா, நாங்க திருப்பூர்ங்க. வீட்டுக்காரர் பனியன் கம்பெனில டெய்லர், நான் செக்கிங் போறேன். சனிக்கிழமை சம்பளம், ரெண்டு பேருக்கும் சேர்த்து வாரம் 8,500 வரும். வாடகை 6,500. கிரெடிட் கார்டுல 1,40,000 நிக்குது, மாசம் மினிமம் 7,000 கட்டுறோம். பர்சனல் லோன் பாக்கி 1,80,000, டியூ 6,200. குழு லோன் மாசம் 2,400. என் நகை 3 பவுன் அடகுக் கடையில 60,000க்கு இருக்கு, ரெண்டு ரூபா வட்டி, அஞ்சு மாசமா வட்டி கட்டல. பாலை நிறுத்து, பசங்களுக்கு ஸ்நாக்ஸ் வாங்காதன்னு இவர் சொன்னார், நிறுத்திட்டேன். அப்பவும் மாசக் கடைசில கையில ஒண்ணும் நிக்கல. இன்னும் எதைத்தாங்க குறைக்கறது?

பதில்: தங்கச்சி, முதல்ல நாளைக்குக் காலையில பாலை வாங்கு. வளர்ற பசங்க இருக்கற வீட்ல பாலை நிறுத்திட்டு கார்டுக்கு வட்டி கட்டிட்டு இருக்கீங்கன்னு படிச்சப்ப எனக்கு மனசே சரியில்ல. அரை லிட்டர் பால் மாசத்துக்கு 700 ரூபாகிட்டதான் வரும், இப்ப அந்த கார்டு உங்ககிட்ட எவ்வளவு எடுக்குதுன்னு பாரு.

நம்ம ஊர்ல வட்டியை ரூபாக் கணக்குலதான் பேசுவோம், நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபா, மூணு ரூபான்னு. அடகுக் கடைக்காரர் ரெண்டு ரூபா வட்டின்னு சொன்னதும் நமக்கு பயமா இருக்கு, ஆனா கார்டுக்காரங்க அதை அப்படி சொல்ல மாட்டாங்க, ஸ்டேட்மென்ட்ல கீழ பொடி எழுத்துல 3.5 சதவீதம்னு போட்டிருப்பாங்க (கார்டுக்கு கார்டு கொஞ்சம் மாறும்), அது மாசத்துக்குத்தான், அப்படின்னா மூணரை ரூபா வட்டி, அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற, கூட்டிப் பார்த்தா நாலு ரூபா வட்டிக்கு மேல போயிடுது. 1,40,000க்கு மாசம் 4,900 வட்டி, வரி 882, மொத்தம் 5,782. நீங்க கட்டுற 7,000ல அசல்ல கழியறது வெறும் 1,218 ரூபா. தினம் 190 ரூபா உங்க வீட்டு வாசப்படி தாண்டி போயிட்டு இருக்கு தங்கச்சி, நீ 22 ரூபா பாக்கெட்டை நிறுத்தி அதை எப்படி அடைக்க முடியும்? இதே வேகத்துல மாசம் 7,000 கட்டினா முடிய மூணரை வருஷத்துக்கு மேல ஆகும், அதுவும் கார்டை ஒரு தடவை கூட தேய்க்காம இருந்தா. பாக்கி நிக்கிற கார்டுல புதுசா எது வாங்கினாலும் வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடும், அந்த 45 நாள் வட்டியில்லாச் சலுகையெல்லாம் முழுசா கட்டுறவங்களுக்குத்தான்.

அதனால செலவைக் குறைக்கறதுக்கு முன்னாடி வட்டியைக் குறைக்கணும். உன்கிட்ட அதுக்கு வழி இருக்கு, நகைதான் அது. இன்னிக்கு விக்கிற தங்க விலைக்கு 3 பவுனை 60,000க்கு வெச்சிருக்கறது ரொம்ப ரொம்ப கம்மி. பேங்க்லயோ கூட்டுறவு சொசைட்டிலயோ மதிப்புல முக்கால் பங்கு மாதிரி தருவாங்க, வட்டி வருஷத்துக்கு 9, 10 சதவீதம் மாதிரி இருக்கும், நம்ம கணக்குல ஒரு ரூபா வட்டிக்கும் கம்மி. 1,40,000 வாங்கினா அடகுக் கடைக்கு அசலும் அஞ்சு மாச வட்டியும் சேர்த்து 66,000 போக மிச்சம் 74,000த்தை அப்படியே கார்டுல கட்டிடு. கார்டு பாக்கி 66,000 ஆயிடும். இப்ப கார்டுக்கு 7,000, அடகு வட்டிக்கு 1,200ன்னு 8,200 ஒதுக்க வேண்டியிருக்குல்ல, அதே 8,200ல பேங்க் நகைக்கடன் வட்டி 1,170 ரூபா போக மீதியை கார்டுக்கே கட்டினா சுமார் ஒரு வருஷத்துல கார்டு முடிஞ்சிடும். மூணரை வருஷம் எங்க, ஒரு வருஷம் எங்க! ஒரு வாய் சாப்பாட்டைக் குறைக்காம இது நடக்கும். அப்புறம் அந்த 7,000த்தை நகைக்கு திருப்பி விட்டா ரெண்டு வருஷத்துக்குள்ள நகை உன் கைக்கு வந்துடும். நடுவுல வருஷம் முடியறப்ப வட்டியைக் கட்டி மாத்தி வைக்க மறந்துடாத, விட்டா ஏலத்துக்குப் போயிடும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, அடகுக் கடையில இருந்து மீட்க முதல்ல 66,000 கையில வேணும். ஒரே ஒரு நாளைக்கு யாராவது தரணும், உன் அண்ணனோ, கம்பெனி ஓனரோ, நம்பிக்கையான ஒருத்தர். காலையில கடை திறந்ததும் மீட்டு, நேரா பேங்குக்குப் போய் வெச்சு, சாயங்காலமே அவங்க பணத்தைத் திருப்பிக் கொடுத்துடணும். முந்தின நாளே பேங்க்ல போய் மதிப்பீட்டாளர் வர்ற நேரம், எவ்வளவு தருவாங்க, என்ன பேப்பர் வேணும்னு கேட்டுட்டு வந்துடு. அடகுக் கடையில நகையைக் கையில வாங்கறப்ப சீட்டுல இருக்கற எடையோட சரி பார்த்து வாங்கு. கார்டுல பணம் கட்டின அன்னிக்கே, அங்கயே உட்கார்ந்து, ரெண்டு பேருமா சேர்ந்து கத்திரிக்கோல்ல அட்டையை வெட்டிப் போடுங்க, ஆன்லைன்ல சேவ் பண்ணி வெச்சிருக்கற கார்டு நம்பரையும் அழிச்சிடுங்க. இதைச் செய்யலேன்னா நகையும் போய் கார்டும் மறுபடி நிறைஞ்சிடும், அப்படி ஆன வீட்டை நான் பார்த்திருக்கேன்.

செலவு பத்தி கேட்டியே. உங்க வீட்ல ஓட்டை மாசக் கடைசியில இல்ல, சனிக்கிழமை ராத்திரியில இருக்கு. வாரச் சம்பளம், மாச டியூ, இந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. சனிக்கிழமை கை நிறைய காசு இருக்கற மாதிரி தெரியும், வர்ற வழியில பேக்கரி, ஞாயித்துக்கிழமை கறி, வீட்டுக்காரருக்கு நண்பர்களோட ஒரு இருநூறோ முன்னூறோ, திங்கக்கிழமை பார்த்தா டியூக்கு காசு இல்ல. எல்லா டியூவும் சேர்த்தா மாசம் 16,800, நாலால வகுத்தா வாரம் 4,200. சம்பளம் வாங்கின கையோட, வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே, டியூ பிடிக்கற அக்கவுண்ட்ல 4,200 போட்டுடுங்க. வாடகைக்கு 1,625 தனியா. மிச்சம் 2,675தான் அந்த வாரத்துக்கு உங்க வீட்டுக் காசு. கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா இன்னொண்ணு பாரு, வருஷத்துக்கு 52 சனிக்கிழமை, மாசத்துக்கு நாலுன்னு கணக்குப் போட்டா 48தான், நாலு சனிக்கிழமை மிச்சம் வரும். அஞ்சு சனிக்கிழமை வர்ற மாசத்துல அந்த அஞ்சாவது சம்பளத்துக்கு வாடகையும் கிடையாது டியூவும் கிடையாது. காலண்டர்ல இப்பவே அந்த நாலு நாளையும் வட்டம் போட்டு வை, சாப்பாட்டுக்கு எடுத்தது போக அது பூரா கார்டுக்கு. தீபாவளி போனஸ்லயும் பாதி கார்டுக்கு, பாதி பசங்க துணிக்கு, முழுசா கடனுக்கே போடணும்னு நினைக்காத, அப்புறம் யாருக்கும் பிடிப்பே இல்லாம போயிடும்.

ரேஷன்ல பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, ரேஷன் கார்டுல இருக்கறதை ஒரு மாசம் கூட விடாம வாங்கு. கம்பெனிக்கு சாதாரண கவர்மென்ட் டவுன் பஸ் வர்ற ரூட்டா இருந்தா நீ அதுலயே போ, பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, வண்டில கொண்டு போய் விடற பெட்ரோல் மிச்சம். கரண்ட்டு ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்ட விடாத, 501 ஆனா அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறாது, கீழ இருக்கற யூனிட்டோட ரேட்டும் சேர்ந்து மாறிடும். வெயில் காலத்துல மீட்டரை வாராவாரம் பார்த்துக்கோ.

நோட்டு ஒண்ணு வாங்கி ஃபிரிட்ஜ் பக்கத்துல ஆணில மாட்டு, பேனாவை நூல்ல கட்டித் தொங்க விடு. யார் என்ன செலவு பண்ணாலும் அவங்க கையாலயே எழுதணும், நீ யாருக்காகவும் எழுதாத, யாரையும் கேள்வியும் கேட்காத. 2014ல எங்க வீட்ல 7 லட்சம் கடன் நின்னப்ப நாங்க பண்ணது இதுதான். ரெண்டாவது வாரம் என் வீட்டுக்காரர் அவரே நோட்டைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் நின்னார், டீ, சிகரெட், டீ, சிகரெட்னு அவர் கையெழுத்து ஒரு பக்கம் பூரா இருந்துச்சு. நான் ஒரு வார்த்தை பேசல. நான் பேசியிருந்தா அன்னிக்கே நோட்டு கிழிஞ்சிருக்கும்.

கேள்வி: பேராவூரணி பக்கம் தென்னை விவசாயி நான். கஜா புயல்ல மரம் அத்தனையும் சாஞ்சு கடன்ல விழுந்தவன், இப்பத்தான் புதுக் கன்னு காய்க்குது, இன்னும் 3 லட்சம் பாக்கி. வீட்டுச் செலவை எல்லாம் குறைச்சாச்சு. ஆனா ஆடி வந்தா மொய் விருந்து பத்திரிகை மட்டும் பதினாலு வந்திருக்கு. வைக்கலேன்னா ஊர்ல தலை காட்ட முடியாது. என்ன செய்ய?

பதில்: அண்ணே, 2018 நவம்பர்ல சாஞ்ச மரத்துக்கு இன்னிக்கு வரைக்கும் நீங்க கட்டிட்டு இருக்கீங்கன்னு படிக்கறப்பவே கஷ்டமா இருக்கு. மொய்யை வீண் செலவுன்னு டவுன்ல இருக்கறவங்க ஈசியா சொல்லிடுவாங்க, நான் சொல்ல மாட்டேன், உங்க பக்கத்துல அது விருந்து வெச்சு ஊர்கிட்ட வாங்கி, அப்புறம் அவங்க விருந்துல திருப்பி வைக்கிற வட்டியில்லாக் கடன், எத்தனையோ பேர் அதுலதான் போர் போட்டாங்க, பொண்ணு கட்டிக் கொடுத்தாங்க. ஆனா அது கடன்ங்கறதை மறந்துட்டு கௌரவமா பார்க்கறப்பத்தான் பிரச்சினை வருது.

உங்க மொய் நோட்டை எடுத்து பதினாலு பேரையும் ரெண்டா பிரிங்க. யாரோட பணம் உங்ககிட்ட நிக்குதோ அவங்க ஒரு பக்கம், உங்க பணம் யார்கிட்ட நிக்குதோ, இல்ல கொடுக்கல் வாங்கலே இல்லாதவங்களோ, அவங்க இன்னொரு பக்கம். முதல் பக்கத்துக்காரங்களுக்கு அவங்க வெச்சதை அப்படியே திருப்பி வைங்க, அது நாணயம், அதுல கை வைக்கக் கூடாது. ஆனா வழக்கமா மேல கொஞ்சம் சேர்த்து புது நடை வைப்போமே, அதை மட்டும் கடன் தீர்ற வரைக்கும் நிறுத்துங்க. ரெண்டாவது பக்கத்துக்காரங்க விருந்துக்குப் போங்க, முன்னாடி நாளே போய் பந்தல் வேலை, பந்தி வேலை பாருங்க, சின்னதா ஒரு தொகை எழுதுங்க. உங்க மரம் சாஞ்சது ஊருக்கே தெரியும் அண்ணே, ஊர்ல முக்கால்வாசிப் பேருக்கு மரம் சாஞ்சுதானே இருந்துச்சு. தங்கச்சி மகன் காதுகுத்து, தாய்மாமன் சீர்னு வந்தா மட்டும் தங்கச்சியை தனியா கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிடுங்க, அவங்க வெளிய இருந்து தெரிஞ்சுக்கற மாதிரி விடாதீங்க.

கேள்வி: அக்கா, சேலத்துல காலேஜ் படிக்கறேன். ஃபீஸுக்கு பத்தாம ஒரு ஆப்ல 8,000 கேட்டேன், பிடிச்சது போக 4,800தான் வந்துச்சு, ஏழே நாள்ல 8,000 கட்டச் சொல்றாங்க. ராத்திரி பத்து மணிக்கு கால் பண்றாங்க, என் போட்டோவை மாத்தி கான்டாக்ட்ல இருக்கறவங்களுக்கு அனுப்புவேன்னு மிரட்டறாங்க. இன்னொரு ஆப்ல வாங்கி இதைக் கட்டிடட்டுமா?

பதில்: வேண்டாம்மா, வேண்டவே வேண்டாம். இன்னிக்கே வீட்ல அம்மாகிட்ட சொல்லு, திட்டு விழும், விழட்டும். உடனே 1930க்கு போன் பண்ணு, அது சைபர் கிரைம் நம்பர், அவங்க மிரட்டின மெசேஜ், கால் வந்த நேரம் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை. ரிசர்வ் பேங்க் விதிப்படி கடன் ஆப் உன் கான்டாக்ட், போட்டோவைத் தொடவே கூடாது, வசூல் பண்றவங்க காலையில 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு அப்புறமும் கூப்பிடக் கூடாது. தமிழ்நாட்டுல மிரட்டி வசூல் பண்றதுக்கு எதிரா 2025லயே தனிச் சட்டம் வந்திருக்கு. உன் ஃபிரண்ட்ஸுக்கு நீயே முன்கூட்டி ஒரு மெசேஜ் போட்டுடு, என் பேர்ல ஏதாவது போட்டோ வந்தா அது பொய்யின்னு. அவங்க பிடிச்சுக்கிட்டு இருக்கற ஒரே பிடி உன் பயம்தான்மா. நீ ஒண்ணும் தப்பு பண்ணல.

கேள்வி: கடன் முடிய இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். அடுத்த மாசம் என் பொண்ணுக்கு ஏழாவது பிறந்தநாள். கேக் கூட வேண்டாம்னு வீட்டுக்காரி சொல்லிட்டா. அந்தக் குழந்தை முகத்தை எப்படிப் பார்க்கறதுன்னு தெரியல.

பதில்: கொண்டாடுங்க தம்பி. ஏழு வயசு ஒரு தடவைதான் வரும். ஹால், ரிட்டர்ன் கிஃப்ட், அபார்ட்மென்ட் பூரா கூப்பிடறது, அதெல்லாம்தான் வேண்டாம். முன்னூறு ரூபான்னு ஒரு தொகையை நீங்களும் வீட்ல அவங்களும் பேசி முடிவு பண்ணிட்டு, அதைக் குழந்தை கையிலயே கொடுத்து இதுல என்ன பண்ணலாம்னு கேளுங்க. நாங்க கடன்ல இருந்தப்ப என் பையனுக்கு எட்டு வயசு, நூறு ரூபாதான் கொடுத்தேன். அவன் கடைக்குப் போய் ரவையும் முந்திரியும் வாங்கிட்டு வந்து கேசரி கேட்டான், கீழ் வீட்டுப் பசங்க மூணு பேரைக் கூட்டிட்டு வந்தான். சாப்பிட்டு முடிச்சு, நெய்க் கையோட அந்த ஃபிரிட்ஜ் நோட்டுல எழுதினான், ரவை, முந்திரி, மெழுகுவத்தி, மிச்சம் 22ன்னு. அந்தப் பக்கத்துல எண்ணெய்க் கறை இன்னும் இருக்கு.