ஒழுங்கைக்குள் நாலு மாடி: திருகோணமலைக்காரர் கேட்டவை

கட்டட வரைபடங்களோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்பதால், வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உப்புவெளி அக்கா: எங்கள் ஒழுங்கையில் நாலு மாடி விடுதி வரப்போகிறதாம். அயலவர் கையெழுத்து இல்லாமல் அனுமதி கொடுக்கலாமா?

கொடுக்கலாம் அக்கா. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டப்படி, அபிவிருத்திப் பகுதி என்று பிரகடனப்படுத்திய இடங்களில் கட்டுவதற்கு முன் அனுமதி எடுக்க வேண்டும். அங்கே பார்ப்பது வரைபடம் அந்த வலயத்துக்கும் ஒழுங்குவிதிகளுக்கும் பொருந்துகிறதா என்பதைத்தான். அதனால் "எங்களுக்கு வேண்டாம்" என்று இருநூறு பேர் கையெழுத்து வைத்த மனு கோப்புக்குள் தூங்கும். டேப்பை எடுத்து ஒழுங்கையை அளவெடுங்கள். வாகனம் எங்கே நிற்கும், மலக்குழி உங்கள் கிணற்றிலிருந்து எத்தனை அடி, மாரி வெள்ளம் எந்த வாய்க்காலில் இறங்கும் என்று எழுதுங்கள். உங்கள் பக்கம் மணல் தரை, குழித் தண்ணீர் கிணற்றுக்கு வர அதிக நாள் எடுக்காது. இதுதான் உங்கள் பலமான வாதம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உப்புவெளி, 'பட்டணமும் சூழலும்' பிரதேச சபைக்குள் வருவது, கடிதம் அங்கேதான் போக வேண்டும். டவுன் சபையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஒரு மாதம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்!

வரைபடத்தைக் காட்ட மாட்டோம் என்கிறார்கள், ஐயா.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு.

நிலாவெளி தம்பி: காணி கடலோரம். சபை அனுமதி மட்டும் போதுமா?

போதாது. உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் வந்து தொடும் கோடு) தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். அது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

மூன்று மாடிக்கு அனுமதி, நாலாவது எழும்புகிறது. என்ன செய்யலாம்?

திகதியோடு படம் எடுத்து, அனுமதி கொடுத்த இடத்தில் இன்றைக்கே முறையிடுங்கள். அவர்கள் வேலையை நிறுத்தச் சொல்லிக் கட்டளை கொடுக்கலாம், கட்டுபவர் கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் இடிப்பதற்கான உத்தரவும் கேட்கலாம். பூச்சு முடிந்து ஆட்கள் குடிவந்த பிறகு, அந்த ஒரு மாடியை அசைக்க வருடக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

உவர்மலை அண்ணை: கட்டடம் வந்தால் என் மாடியிலிருந்து கடல் தெரியாது.

அண்ணை, உங்கள் உறுதிப் பத்திரத்தில் காணி மட்டும்தான் இருக்கிறது, கடல் இல்லை. பின்பக்கம் விட வேண்டிய இடைவெளியை விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். விடவில்லையென்றால் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.