குழந்தை இல்லாத தம்பதிக்கு டிஸ்னி கப்பல் ஒத்து வருமா?

கேள்வி கேட்டவருக்கு முப்பதுகளின் கடைசி. அவரும் கணவரும் மட்டும்தான், குழந்தைகள் இல்லை. டிஸ்னி நிறுவனம் நடத்தும் சுற்றுலாக் கப்பலில் ஒருமுறை போக ஆசை. சுற்றிலும் பிள்ளை குட்டிகளோடு வந்த குடும்பங்களாக இருக்கும்போது தாங்கள் மட்டும் ஒட்டாமல் நிற்போமோ, கொடுக்கிற காசுக்கு நிம்மதி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்.

நாங்கள் இருப்பது ஃப்ளோரிடாவில். டிஸ்னி கப்பல்கள் கிளம்பும் கேனவரல் துறைமுகம் காரில் போகிற தூரம்தான். எங்களுக்கும் குழந்தைகள் இல்லை. டிஸ்னியிலும் போயிருக்கிறோம், ராயல் கரீபியன் என்ற இன்னொரு நிறுவனத்தின் கப்பலிலும் போயிருக்கிறோம். என்னைக் கேட்டால் தாராளமாகப் போகலாம். ஆனால் எல்லோரும் எந்தக் கப்பல் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எந்த மாதம், எத்தனை இரவு என்பதுதான் அதைவிடப் பெரிய விஷயம்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். குழந்தைகளுக்காகவே கட்டிய கப்பலில் குழந்தைகள் கண்ணில் படுவது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. மூன்று வயதிலிருந்தே அவர்களுக்கென்று தனி கிளப் இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை, பெரும்பாலும் நள்ளிரவு வரை திறந்திருக்கும். 11 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கு எட்ஜ், 14 முதல் 17 வரை வைப் என்று தனித்தனி இடம். கிளப்பில் நுழைந்த பிள்ளையை வெளியே இழுத்து வர முடியாமல் வாசலில் கெஞ்சிக்கொண்டிருக்கும் அப்பாக்களைப் பார்க்கலாம். கிளப் சரியில்லாத கப்பல்களில்தான் பிள்ளைகள் பொழுது போகாமல் லிஃப்டில் எல்லாப் பொத்தானையும் அழுத்திக்கொண்டு திரிவார்கள்.

இரவுச் சாப்பாடு இரண்டு பந்தி. முதல் பந்தி மாலை 5:45, இரண்டாவது 8:15 என்பது வழக்கம். யோசிக்காமல் இரண்டாம் பந்தியை எடுங்கள். கைக்குழந்தை, வாண்டுகள் இருப்பவர்கள் பெரும்பாலும் முதல் பந்திக்குப் போய்விடுவார்கள். இரண்டாம் பந்திக்கு வரும் பிள்ளைகளுக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. அவர்களுக்குச் சீக்கிரம் பரிமாறிவிட்டு, கிளப் ஆட்களே சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பிறகு பெற்றோர்கள் முகத்தில் தெரிகிற நிம்மதியைப் பார்த்தாலே நமக்கும் சாப்பாடு இறங்கும். ஒவ்வொரு இரவும் வேறு வேறு உணவகம், ஆனால் பரிமாறுகிற ஆட்கள் மாறாமல் நம்மோடே வருவார்கள். முதல் இரவே அவர்களிடம் இந்தியச் சைவ உணவு வேண்டும் என்று சொல்லிவிட்டால், மறுநாளிலிருந்து பருப்பு, பனீர் என்று மெனுவில் இல்லாததும் மேசைக்கு வரும். வட இந்தியச் சமையல்தான், ரசம் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

மேசையை வேறு யாரோடாவது பகிர்ந்துகொள்ளச் சொல்வார்களோ என்ற தயக்கம் இருந்தால், கப்பல் ஏறிய அன்று மதியமே மேசை மாற்றித் தருவதற்கென்று ஆள் உட்கார்ந்திருப்பார்கள். இருவருக்கான மேசை கேட்டுப் பாருங்கள். குழந்தை இல்லாதவர்களை முடிந்தவரை அதே மாதிரி வந்தவர்களோடுதான் உட்காரவைக்கிறார்கள். எங்களுக்கு ஒருமுறை பணி ஓய்வு பெற்ற ஒரு ஜோடி கிடைத்தது. எழுபது வயதில் இருவரும் மிக்கி காது வைத்த தொப்பியோடு சாப்பிட வந்தார்கள். பேரப்பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள்!

பெரியவர்களுக்கு மட்டும் என்று கப்பலில் ஒதுக்கிய இடங்கள் கொஞ்சநஞ்சமல்ல. குவயட் கோவ் என்ற நீச்சல் குளம், அதை ஒட்டிய காபிக் கடை, ஸ்பா, பாலோ என்ற இத்தாலிய உணவகம் எல்லாமே 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். ட்ரீம், ஃபேன்டஸி கப்பல்களில் ரெமி என்ற பிரெஞ்சு உணவகமும் உண்டு. பாலோவுக்கும் ரெமிக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும், முன்பதிவும் வேண்டும். முதல் முறை போகிறவர்களுக்கு, மொத்தப் பணமும் கட்டியிருந்தால், பயணத்துக்கு 75 நாள் முன்பு முன்பதிவு திறக்கும். ஏற்கெனவே போனவர்களுக்கு அதற்கும் முன்பே திறந்துவிடும். அதனால் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு அன்றைக்கே போடுங்கள். கடலிலேயே கழிகிற நாளில் பாலோவில் காலையும் மதியமும் சேர்ந்த மாதிரி ஒரு விருந்து நடக்கும். என் கணவர் கப்பல் பயணம் என்று சொல்வதே அதைத்தான்.

கப்பலுக்குக் கப்பல் வித்தியாசம் உண்டு. ட்ரீம் (2011), ஃபேன்டஸி (2012) இரண்டிலும் இரவு நேர பார்கள் எல்லாம் ஒரே பகுதியில் கூட்டாக இருக்கும். ஒன்பது மணிக்குப் பிறகு அங்கே சின்னவர்களுக்கு அனுமதி இல்லை. ஒரு பாரிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகலாம், அந்தச் சூழலே வேறு. ஆனால் அவற்றில் பெரியவர்கள் குளம் குடும்பக் குளங்களை ஒட்டியே இருப்பதால் கூச்சல் காதில் விழும். விஷ் (2022), ட்ரெஷர் (2024) கப்பல்களில் இது தலைகீழ். குளம் கப்பலின் பின்கோடியில் ஒதுங்கி இருக்கிறது, அமைதியோ அமைதி. பார்கள்தான் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. நான் வெயிலில் புத்தகம் படிக்கிற ரகம், எனக்கு விஷ். நடனம், கச்சேரி என்று இரவைக் கழிக்கிறவர்கள் பழைய கப்பலுக்கே போகலாம். இன்னொன்று, டிஸ்னி கப்பல்களில் சூதாட்டக் கூடம் கிடையவே கிடையாது. அது இல்லாமல் விடுமுறையா என்று கேட்பவர்கள் வேறு நிறுவனம் பார்க்கட்டும். எனக்கு அந்தச் சிகரெட் புகை இல்லாததே பெரிய வரம்.

இப்போது நாள்காட்டி. அமெரிக்கப் பள்ளி விடுமுறைகளை வைத்துத்தான் கப்பல் நிரம்பும். ஜூன் முதல் ஆகஸ்ட் பாதி வரை, நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) வாரம், கிறிஸ்துமஸ், மார்ச்சிலிருந்து ஏப்ரல் பாதி வரை வசந்த விடுமுறை. இந்த நாட்களில் போனால் மேலே சொன்னதில் பாதி பலிக்காது, விலையும் உச்சத்தில் இருக்கும். ஜனவரி கடைசி, டிசம்பர் முதல் வாரம், செப்டம்பர் இவைதான் நம் மாதிரி ஆட்களுக்கு. செப்டம்பரில் விலை நன்றாக இறங்கும், ஆனால் அதுதான் கரீபியனில் புயல் உச்சத்தில் இருக்கும் மாதம். கப்பல் பாதை மாறலாம், ஒரு தீவுக்குப் பதில் இன்னொரு தீவு என்று ஆகலாம். அதைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் எடுக்கலாம்.

மூன்று, நான்கு இரவுப் பயணங்களில்தான் பிள்ளைகள் அதிகம். ஃப்ளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்ட் பூங்காவைச் சுற்றிவிட்டு அப்படியே கப்பலுக்கும் வருகிற குடும்பங்கள் அவை. ஏழு இரவு என்றால் கொஞ்சம் குறையும். அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா போவது, பனாமா கால்வாய் வழியாகப் போவது மாதிரி நீண்ட பயணங்கள் பள்ளி நடக்கிற நாட்களில் வந்தால் கப்பல் கிட்டத்தட்ட பெரியவர்கள் ராஜ்யம். பிள்ளையை இரண்டு வாரம் பள்ளிக்கு மட்டம் போடவைக்க எத்தனை பெற்றோருக்குத் தைரியம் வரும்?

துறைமுகத்தில் நிற்கிற நாளில் பெரும்பாலோர் கரைக்குப் போய்விடுவார்கள். ஏற்கெனவே பார்த்த ஊர் என்றால் நாங்கள் கப்பலிலேயே இருந்துவிடுவோம். வரிசையே இல்லாமல் அக்வாடக் என்ற நீர்ச் சறுக்கலில் திரும்பத் திரும்பப் போகலாம். நாற்பது வயதில் என்ன சறுக்கு என்று கேட்காதீர்கள், போய்ப் பாருங்கள். காஸ்டவே கே தீவு வரும் நாள் மட்டும் விதிவிலக்கு, அன்று இறங்கியே ஆக வேண்டும். கோர்டா கே என்ற பெயரில் இருந்த இந்த பஹாமாஸ் தீவை டிஸ்னி 1997இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. அதில் செரினிட்டி பே என்ற கடற்கரை பெரியவர்களுக்கு மட்டும். அங்கே போகிற டிராம் வண்டி ஒரு பழைய விமான ஓடுபாதையின் மேல்தான் ஓடும். ஒரு காலத்தில் போதைப்பொருள் கடத்தல்காரர்கள் விமானம் இறக்கிய இடமாம். மதியச் சாப்பாடும் அங்கேயே தனியாகக் கிடைக்கும், குடும்பங்கள் பக்கம் திரும்பி வர வேண்டியதில்லை.

அறை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்து அறைக்குப் போக நடுவில் கதவு உள்ள அறைகள் நிறைய உண்டு. பெரிய குடும்பங்களுக்கு அது வசதி. நமக்கோ, காலை ஆறரை மணிக்கு அடுத்த அறை அழுகை அந்தக் கதவு வழியாக அப்படியே வரும். இணைப்புக் கதவு இல்லாத அறையாகக் கேட்டு வாங்குங்கள். குடும்பங்களுக்காகச் செய்த ஒரு வேலை நமக்கும் லாபம்: பெரும்பாலான அறைகளில் கழிப்பறை தனி, குளியலறை தனி. கிளம்பும் நேரத்தில் சண்டை இல்லை.

விலைக்கு வருகிறேன். இங்கேதான் டிஸ்னி இடிக்கும். கட்டணம் அறைக்கு இருவர் என்ற கணக்கில் தலைக்கு இவ்வளவு என்று போடுவது. மூன்றாவது, நான்காவது ஆளுக்கு அது குறையும். ஆக முழுக் கட்டணமும் நாம் கட்டுகிறோம், கிளப்புக்கான செலவும் அதில் அடக்கம், நாமோ அந்தப் பக்கம் போகப்போவதில்லை. தனியாகப் போகிறவர் கிட்டத்தட்ட இரண்டு பேர் பணம் கட்ட வேண்டும். டிஸ்னியில் ஜன்னல் இல்லாத அறைக்குக் கொடுக்கிற பணத்தில் பெரும்பாலும் ராயல் கரீபியனில் பால்கனி அறையே எடுத்துவிடலாம். அங்கேயும் சோலேரியம் என்று 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பகுதி இருக்கிறது. கார்னிவல் நிறுவனக் கப்பல்களின் செரினிட்டி பகுதி 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அதற்கும் கட்டணம் இல்லை. குழந்தை வாடையே வேண்டாம் என்றால் வர்ஜின் வாயேஜஸ், வைகிங் நிறுவனங்கள் இரண்டிலும் 18 வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றுவதில்லை. டிஸ்னி பாட்டுகளும் பாத்திரங்களும் உங்களுக்குத் துளியும் ஒட்டவில்லை என்றால் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. உங்கள் கேள்வியில் ‘ஆசை’ என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் போகச் சொல்கிறேன்.

ஒட்டாமல் தெரிவோமா என்ற கேள்விக்கு: அமெரிக்கர்கள் கண்டுகொள்ளவே மாட்டார்கள். நம்மவர்கள் கேட்பார்கள். காலை உணவு வரிசையில் கோவைப் பக்கத்து அம்மா ஒருவர் சிரித்த முகமாக, “உங்க பசங்களும் கிளப்லயாங்க?” என்று கேட்டார். “இல்லைங்க்கா, நாங்க ரெண்டு பேர்தான். ராத்திரி கிளப்புக்கு நாங்கதான் போவோம்” என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார், பேச்சு அத்தோடு நெய் ரோஸ்ட்டுக்கு ஏங்குவதைப் பற்றித் திரும்பிவிட்டது. குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. சிகிச்சை எடுத்துக்கொண்டு காத்திருப்பவர்களாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். எவ்வளவு கிளப் இருந்தாலும், இளவரசி உடை போட்ட மூன்று வயதுக் குழந்தை லிஃப்டில் நம்மைப் பார்த்துக் கை அசைப்பதை யாராலும் தடுக்க முடியாது. சிலருக்கு அது மனசை நிறைக்கும், சிலருக்கு அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றும். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது.

நீங்கள் சென்னையிலிருந்து கேட்பதாக இருந்தால், சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் டிஸ்னி அட்வென்ச்சர்தான் கிட்டே இருக்கிறது. ஜெர்மனியில் கட்டி முடிக்காமல் நின்ற கப்பலை 2022இல் வாங்கி டிஸ்னி தயாராக்கியது. மிகப் பெரிய கப்பல். ஆனால் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் மட்டும், நடுவில் எந்தத் துறைமுகத்திலும் நிற்காது. அதாவது குடும்பங்கள் கரைக்குப் போய்க் கப்பல் காலியாகிற நாளே கிடையாது. குறுகிய பயணம் என்பதால் பிள்ளைகளும் நிறைய இருப்பார்கள். டிஸ்னிப் பைத்தியம் என்றால் சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஜூன் விடுமுறை, நவம்பர், டிசம்பர் விடுமுறை, நம் ஊர் ஏப்ரல், மே எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வார நாட்களில் வருகிற ஒரு பயணமாகப் பாருங்கள். இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, ஜனவரிக் கடைசியில் ஏழு இரவுக் கரீபியன் பயணமாக ஃப்ளோரிடாவிலிருந்தே போய்விட்டு வாருங்கள்.