அதிகாரியிடம் மகனுக்கு வக்காலத்து வாங்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. நண்பர்களுடன் சேர்ந்து கடையில் திருடிய வழக்கில், இளையர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தூண்டிவிட்டவன்மீது வழக்குப் போடாமல், அவனைத் திருத்தும் வழிகாட்டுத் திட்டத்தோடு விட்டுவிட்டார்கள். பள்ளியும் என் மகனையே கரித்துக்கொட்டுகிறது. அடுத்த வாரம் நன்னடத்தைக் கண்காணிப்பு அதிகாரி வீட்டுக்கு வருகிறார். நான் இரவு வேலைக்குப் போகிறவள். அவரிடம் இதையெல்லாம் சொல்லட்டுமா?
— சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தாய்

பதில்: வேண்டாம். யார்மீது வழக்குத் தொடுப்பது என்பது அரசுத் தரப்பின் முடிவு. பள்ளிமீதுள்ள கோபம் இங்கே காசு பெறாது. இந்தப் பையனை வீட்டில் வைத்தே திருத்த முடியுமா என்பது ஒன்றுதான் கேள்வி. அதற்கு, அதிகாரி நீதிமன்றத்துக்குத் தரும் அறிக்கை பதில் சொல்லும்.

தாய்மார்கள் சறுக்குவதும் அங்கேதான். அதிகாரி உட்காருவதற்குள், "என் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, சேர்க்கை சரியில்லை" என்று ஆரம்பிப்பார்கள். பையனும் அதைப் பிடித்துக்கொண்டு, "நான் எடுக்கவில்லை, அவன்தான் என் பையில் போட்டான்" என்பான். செய்ததற்கு வருந்தவில்லை என்று அறிக்கையில் ஏறிவிடும். ஒப்புக்கொண்டதே செல்லாமல் போய் வழக்கு விசாரணைக்குத் திரும்பவும் கூடும். உண்மையிலேயே அவன் எடுக்கவில்லை என்றால், இன்றே உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

இரவு வேலையை மறைக்காதீர்கள். பையனை வீட்டில் விட்டு அதிகாரி மேற்பார்வையிடும் நன்னடத்தைக் கண்காணிப்பு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை நீளலாம். இரவில் வீடு தங்க வேண்டும் என்ற நேரக் கட்டுப்பாடும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். "பாட்டி பார்த்துக்கொள்வார்" என்று எல்லாரும் சொல்வதுண்டு. பாட்டியோ மாதக்கணக்கில் ஜூரோங்கில் இன்னொரு மகன் வீட்டில் இருப்பார். பகல் வேலைக்கு மாற முடியுமா என்று இப்போதே கேளுங்கள். இல்லையென்றால், நிஜமாகவே வந்து தங்கக்கூடிய ஒருவரைப் பிடியுங்கள்.

கண்காணிப்பு உத்தரவு கிடைத்த பிறகு வரும் குழி இன்னும் ஆழமானது. மகனின் நன்னடத்தைக்குப் பெற்றோரிடமும் பிணைமுறி, அதாவது அவன் தவறினால் பணம் கட்ட நேரிடும் எழுத்துறுதி, கேட்பார்கள்; 5,000 வெள்ளி என்பது வழக்கமாகக் காதில் விழும் தொகை. அவன் நள்ளிரவில் வந்தால், "அப்போதே தூங்கிவிட்டான்" என்று நீங்கள் சமாளிக்கக் கூடாது. ஒரு நாள் தாமதத்துக்கு எச்சரிக்கையோடு போகலாம். தாயே பொய் சொல்கிறார் என்று தெரிந்தால், அந்த வீட்டை நம்பி யார் பையனை விட்டுவைப்பார்கள்? அடுத்த பேச்சு, அவனை வீட்டிலிருந்து பிரித்து வைக்கும் சிறுவர் இல்லத்தைப் பற்றித்தான் இருக்கும்.

கடைக்குச் சேர வேண்டிய பணம் பாக்கி இருந்தால் பேரம் பேசாமல் கட்டுங்கள். வழக்கு அதனால் மறையாது. நீங்களாகக் கடைக்குப் போகாமல், வழக்கறிஞர் வழியாகக் கொடுத்து ரசீதை வாங்கி வையுங்கள்.